மருந்துச் சீட்டில் இல்லாத மூன்று வாக்கியங்கள்

இது சற்று நீளமான பதிவு. முகப்பருவைப் பற்றி ஓர் ஆய்வு மாணவி இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

மருத்துவம் என் துறை அன்று. பாலிமர் படலங்களின் வழியே நீராவி எவ்வளவு கசிகிறது என்பதை அளப்பதே என் ஆய்வு. ஆயினும் சென்ற பிப்ரவரியில் எங்கள் விடுதியில் கண்ட ஒரு முகம் என்னைத் தோல் மருத்துவ இதழ்களின் பக்கம் இழுத்துச் சென்றது. அங்கே படித்தவற்றையும், அவற்றிலிருந்து நான் வந்தடைந்த கருத்தையும் இங்கே எழுதுகிறேன்.

அந்த முகத்துக்கு உரியவள் முதலாண்டு முதுகலை மாணவி. நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. முகப்பருவுக்காக ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் காட்டியிருக்கிறாள். இரவில் பூசிக்கொள்ள ஒரு ஜெல் எழுதித் தந்திருக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பத்தாம் நாள் அவள் முகம் காய்ந்த வாழைச்சருகைப் போல ஆகிவிட்டது. வாயோரமும் மூக்கின் இருபுறமும் செதில் செதிலாக உரிந்தன. தண்ணீர் பட்டால் எரிந்தது. "மருந்து ஒத்துக்கல அக்கா, நிறுத்திட்டேன்" என்றாள்.

நிறுத்தியதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். தெருமுனை மருந்துக்கடையில் முகத்தைக் காட்டி வேறு ஏதாவது கேட்டிருக்கிறாள். சிறிய குழாயில் ஒரு கிரீம் தந்திருக்கிறார்கள். பூசிய மூன்றாம் நாளே எரிச்சல் போயிற்று, சிவப்பு மறைந்தது, முகம் வெளுப்பாகவும் வழவழப்பாகவும் ஆயிற்று. அறைத்தோழிகள் மூவர் அதே கிரீமை வாங்கினார்கள். குழாயின் பின்புறத்தை நான் படித்துப் பார்த்தபோது அதில் மூன்று பெயர்கள் இருந்தன: ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின், மொமெட்டசோன். மூன்றாவது ஒரு ஸ்டீராய்டு.

அவள் செய்தது தவறு என்று சொல்வது எளிது. ஆனால் அவளிடம் மருத்துவமனையில் யாரும் சொல்லாமல் விட்டவை மூன்றே வாக்கியங்கள். அவற்றைச் சொல்லியிருந்தால் அவள் மருந்துக்கடைக்குப் போயிருக்க மாட்டாள் என்று நான் நம்புகிறேன். முகப்பரு மருந்துகளால் வரும் தோல் உலர்வை நாம் ஒரு சில்லறைப் பக்கவிளைவாகக் கருதி ஒதுக்குகிறோம். உண்மையில் நம் நாட்டில் சிகிச்சை தோற்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ஸ்டீராய்டு உள்ளே நுழையும் கதவும் அதுவே. இதுதான் இந்தப் பதிவின் வாதம்.

உலர்வு ஏன் வருகிறது?

நம் தோலின் மேலடுக்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரிலிருந்து அதன் இரு மடங்கு வரையே தடிமன் கொண்டது. இறந்த செல்கள் செங்கற்களைப் போல அடுக்கப்பட்டிருக்க, அவற்றுக்கிடையே செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்து போலப் பூசப்பட்டிருக்கின்றன. செங்கல்லும் சாந்தும் என்ற இந்த உவமை தோல் மருத்துவப் பாடநூல்களிலேயே உள்ளது. உடலின் நீர் வெளியே ஆவியாகிப் போகாமல் தடுப்பது இந்தச் சுவர்தான். என் ஆய்வகத்தில் ஒரு படலம் வழியே நீராவி கசிவதை அளப்பதுபோலவே, தோல் வழியே நீர் இழக்கப்படும் வேகத்தையும் கருவி வைத்து அளக்கிறார்கள். அந்த எண் கூடினால் சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது என்று பொருள்.

முகப்பருவுக்குப் பூசப்படும் மருந்துகளில் முதன்மையானவை ரெட்டினாய்டுகள். வைட்டமின் ஏ-யின் உறவுகளான டிரெட்டினோயினும் அடாபலீனும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவை செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பிகளோடு இணைந்து, செல்கள் பிறந்து முதிர்ந்து உதிரும் ஒழுங்கையே மாற்றுகின்றன. மயிர்த்துளையின் வாயில் செல்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பதைத் தடுப்பதால் பரு உருவாவதே தடைப்படுகிறது. ஆனால் மருந்துக்கு மயிர்த்துளை வேறு, கன்னம் வேறு என்று தெரியாது. பூசிய இடமெங்கும் மேலடுக்கின் செல்கள் பிடி தளர்கின்றன, அடுக்கு மெலிகிறது, நீர் கூடுதலாகக் கசிகிறது. இன்னொரு முக்கிய மருந்தான பென்சாயில் பெராக்சைடு ஆக்சிஜனேற்றத்தால் பாக்டீரியாவைக் கொல்கிறது. அதே ஆக்சிஜனேற்றம் தோலின் மேலடுக்கில் உள்ள வைட்டமின் ஈ-யையும் தீர்த்துவிடுகிறது. மருந்தைத் தாங்கி வரும் ஜெல்லில் ஆல்கஹால் இருந்தால் உலர்வு இன்னும் கூடும்.

ஆகவே உலர்வு என்பது மருந்து ஒத்துக்கொள்ளாததன் அடையாளம் அன்று. பெரும்பாலானவர்களுக்கு அது முதல் சில வாரங்களில் உச்சத்துக்குச் சென்று பிறகு தணிந்துவிடும். தோல் பழகிக்கொள்கிறது. பத்தாம் நாள் மருந்தை நிறுத்தியவள், மிகக் கடினமான பகுதியில் பாதியைக் கடந்த பிறகு திரும்பிவிட்டாள்.

எரிந்தால்தான் வேலை செய்கிறதா?

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. 'நன்றாக உரிகிறது, மருந்து வேலை செய்கிறது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வேளையும் பூசுபவர்கள் இருக்கிறார்கள். கசந்தால்தான் மருந்து, எரிந்தால்தான் புண் ஆறும் என்று வளர்ந்தவர்கள் நாம். டிரெட்டினோயின் புதிதாக வந்த காலத்தில் தோல் சிவந்து உரிவதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதியவர்களும் உண்டு. அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. 1995இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெயிலால் முதிர்ந்த தோலுக்கு 0.1 விழுக்காடு, 0.025 விழுக்காடு என்ற இரு செறிவுகளில் டிரெட்டினோயினைப் பூசி 48 வாரங்கள் ஒப்பிட்டார்கள். பலன் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. எரிச்சலோ செறிவு மிகுந்ததில் மிகக் கூடுதல். அது முகப்பருவைப் பற்றிய ஆய்வு அன்று என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் பலனையும் எரிச்சலையும் பிரித்தெடுக்க முடியும் என்பதை அது காட்டியது.

பழுப்பு நிறத் தோலுக்கு இது இன்னும் பெரிய விஷயம். வெள்ளைத் தோலில் எரிச்சல் சிவந்து மறைந்துவிடலாம். நம் தோலில் எந்த அழற்சியும் கருமையை விட்டுச் செல்கிறது. அது மறைய மாதங்கள் ஆகும். பருவைத் தீர்க்கப் போய்க் கரும்படலத்தை வாங்கிக்கொண்டு வரும் பெண்ணுக்கு, நிறத்தை வைத்து மணமகளைத் தேடும் நம் சமூகம் அடுத்து எந்தக் கிரீமைப் பரிந்துரைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று பெயர் கொண்ட குழாய்

அந்தக் கிரீமின் வரலாற்றைத் தேடியபோது ஒரே மனிதரின் பெயர் இரண்டு முறை எதிர்ப்பட்டது. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன். 1969இல் முகப்பருவுக்கு டிரெட்டினோயினைப் பூசும் முறையை அவரும் அவருடைய இணை ஆய்வாளர்களும் வெளியிட்டார்கள். 1971இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் தந்தது. 1951 முதல் 1974 வரை ஹோம்ஸ்பர்க் சிறையில் அவர் நடத்திய சோதனைகளில் கைதிகளின் தோல்தான் ஆய்வுக்களமாக இருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். டிரெட்டினோயின் சோதனைகளும் அங்கே நடந்தன. 2021இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியும் 2022இல் ஃபிலடெல்ஃபியா நகரமும் அதற்காக மன்னிப்புக் கோரின. இந்த மருந்து தோலை என்ன செய்யும் என்ற அறிவுக்குச் சிலர் தம் தோலையே விலையாகத் தந்திருக்கிறார்கள். அப்படிக் கிடைத்த அறிவு நம் ஊர்ப் புறநோயாளிப் பிரிவின் மேசைக்கு இப்பாலுள்ள நாற்காலியை இன்னும் வந்தடையவில்லை என்பது என்னை உறுத்துகிறது.

1975இல் அதே கிளிக்மன், முகத்தில் படரும் கரும்படலத்துக்காக ஒரு கூட்டு மருந்தை முன்வைத்தார்: ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின், டெக்ஸாமெத்தசோன். மூன்றாவதான ஸ்டீராய்டு ஏன் சேர்க்கப்பட்டது என்பதற்கான காரணங்களுள் ஒன்று, மற்ற இரண்டும் தரும் எரிச்சலை அது அடக்கும் என்பது. இந்தியக் கடைகளில் கிடைக்கும் கிரீம்களில் டெக்ஸாமெத்தசோனுக்குப் பதில் மொமெட்டசோன் வந்திருக்கிறது, வேலை அதேதான்.

இப்போது அந்த மாணவியின் கதையைத் திரும்பப் பாருங்கள். முதல் மருந்து எரித்தது; இரண்டாவது எரிக்கவில்லை. எந்தச் சோதனையாளரும் அவளுக்கு இதைவிடத் தெளிவான சான்றைக் காட்டியிருக்க முடியாது. தன் தோலின் சாட்சியத்தை நம்பித்தான் அவள் முடிவெடுத்தாள். எரிச்சல் போனதற்குக் காரணம் தோல் குணமானது அன்று, அழற்சியின் குரல் அடக்கப்பட்டது என்பதை அவளுக்கு யார் சொன்னார்கள்?

முகத்தில் வீரியமான ஸ்டீராய்டை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பூசினால் என்ன ஆகும் என்பது நம் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். தோல் மெலியும், இரத்த நுண்குழாய்கள் வலைபோலத் தெரியும், முகத்தில் முடி வளரும், நிறுத்தினால் முன்பைவிடக் கொடிய சிவப்பும் எரிச்சலும் திரும்ப வரும். கொடுமை என்னவென்றால், பருவும் வரும். 2011இல் இந்தியத் தோல் மருத்துவர் சங்கத்தின் இதழில் வெளியான பன்மைய ஆய்வு ஒன்று, முகத்தோல் குறைகளோடு 12 மையங்களுக்கு வந்த 2926 பேரைப் பரிசோதித்தது. அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் 104 பேர் அதைப் பூசியது முகப்பருவுக்காக. 257 பேருக்கு அதைச் சொன்னவர் மருத்துவரே அல்லர். 392 பேருக்குப் பாதகமான விளைவுகள் ஏற்பட்டிருந்தன. அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது எது தெரியுமா? முகப்பரு வந்ததும், இருந்த பரு முற்றியதும்தான்.

தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டுகள் குரல் கொடுத்தபின், 2018 மார்ச்சில் நடுவண் அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவற்றின் பட்டியலான 'ஹெச்' அட்டவணையின் கீழ் கொண்டுவந்தது. அது வரவேற்கத்தக்க ஆணை. ஆனால் சட்டம் கடையின் கல்லாவைப் பார்த்து எழுதப்பட்டது. வாங்குபவர் ஏன் அந்தக் கடைக்கு வருகிறார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இராது. எரியும் முகத்தோடு வருபவருக்கு அவருடைய எரிச்சலை விளக்கிச் சொல்வதும் ஸ்டீராய்டுத் தடுப்பின் ஒரு பகுதியே என்பது என் கருத்து.

பெங்களூரின் காற்றும் நீரும்

ஊருக்கும் இதில் பங்கு உண்டு. கடலோரத்திலிருந்து வந்த ஒருவருக்குப் பெங்களூரின் இதமான குளிர் முதலில் மகிழ்ச்சியாக இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், கடலிலிருந்து தொலைவில் இருக்கும் இந்த நகரத்தில், டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை காற்று மிகவும் வறண்டிருக்கும். நாகையின் புழுக்கத்தில் பூசியிருந்தால் தாங்கக்கூடிய அதே ஜெல், இங்கே பிப்ரவரிப் பிற்பகலில் தோலைக் கிழிக்கிறது.

தண்ணீரும் அப்படியே. காவிரி நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரப்படுகிறது. அது எட்டாத பகுதிகளும், விடுதிகளில் பலவும் ஆழ்துளைக் கிணற்றையும் தண்ணீர் லாரியையும் நம்பியிருக்கின்றன. 2024 கோடையின் பஞ்சத்தை மறந்திருக்க மாட்டோம். அந்த நீர் பெரும்பாலும் கடினநீர். வாளியின் விளிம்பில் படியும் வெள்ளைக் கறையே சாட்சி. 2018இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கடினநீரில் கழுவும்போது சோப்புப் பொருள்கள் தோலில் கூடுதலாகப் படிவதும், தோலின் நீரிழப்பும் எரிச்சலும் அதனால் கூடுவதும் தெரியவந்தன. பருவுக்கு அழுக்குதான் காரணம் என்று நம்பி, ஒரு நாளைக்கு ஐந்து முறை சோப்புப் போட்டு முகம் கழுவும் பிள்ளைக்கு இதில் எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள்.

ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். கைகால்களின் வறட்சிக்கு அது நல்ல மருந்துதான். பரு வரும் முகத்திலோ அது துளைகளை அடைத்து நிலைமையை மோசமாக்கக்கூடும். பாட்டி வைத்தியமும் பயன்படாத, மருத்துவரும் விளக்காத ஓர் இடைவெளியில் அந்தப் பெண் தனியாக நிற்கிறாள்.

என்ன சொல்லியிருக்க வேண்டும்?

நான் முதலில் குறிப்பிட்ட மூன்று வாக்கியங்கள் இவை.

ஒன்று: 'இந்த மருந்து முதல் சில வாரங்கள் தோலை உலர்த்தும்; அது எதிர்பார்த்ததுதான், தணிந்துவிடும்.'

இரண்டு: 'முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும், தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் பூசு, முன்போ பின்போ வாசனையற்ற, துளையை அடைக்காத ஈரப்பசைக் கிரீம் தடவு, தாங்கவில்லை என்றால் இடைவெளியைக் கூட்டு.'

மூன்று: 'பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், அதுவரை கடையில் கேட்டு வேறு எதையும் வாங்காதே, முகம் வீங்கினாலோ கொப்பளித்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே என்னிடம் வா.'

அவ்வளவுதான். நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. கருவுற்றிருப்பவர்கள் ரெட்டினாய்டைத் தவிர்க்க வேண்டும் என்பதையும், பகலில் வெயில்காப்புப் பூச்சு தேவை என்பதையும் சேர்த்தால் இன்னும் அரை நிமிடம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, நேரமின்மை. அரசு மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிப் பிரிவில் காலை நேரத்தில் நின்று பார்த்தவர் எவரும் இதை எள்ளி நகையாட மாட்டார். நானும் மருத்துவர்களைக் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. ஆனால் இந்த மூன்று வாக்கியங்களை மருத்துவரே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செவிலியர் சொல்லலாம், மருந்தாளுநர் சொல்லலாம், கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் இந்தியிலும் அச்சிட்ட உள்ளங்கை அளவுத் தாள் சொல்லலாம். 2016இல் அமெரிக்காவில் 0.1 விழுக்காட்டு அடாபலீன் ஜெல்லைச் சீட்டின்றி விற்க அனுமதித்தபோது, பெட்டியில் எழுதியிருப்பது சாதாரண மக்களுக்குப் புரிகிறதா என்று ஆய்வு செய்து பார்த்தபிறகே அனுமதித்தார்கள். முதல் வாரங்களில் உலர்வும் எரிச்சலும் கூடுதலாக இருக்கும் என்பது அந்தப் பெட்டியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த மாணவிக்குத் தந்த ஜெல்லின் பெட்டியிலும் ஒரு தாள் இருந்தது. ஆங்கிலத்தில், எறும்பின் கால்போன்ற எழுத்தில். முதுகலை படிப்பவளே அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது. பக்கவிளைவை முன்கூட்டிச் சொன்னால் நோயாளி பயந்து மருந்தையே தொடமாட்டார் என்பது. இது நோயாளியைக் குழந்தையாகக் கருதும் பார்வை. முன்னறிவிக்கப்பட்ட எரிச்சலும் முன்னறிவிக்கப்படாத எரிச்சலும் தோலுக்கு ஒன்றாக இருக்கலாம், மனத்துக்கு ஒன்றல்ல. முன்னதை மனம் ஒரு கட்டமாகப் பார்க்கிறது. பின்னதை ஆபத்தாகப் பார்க்கிறது. ஆபத்திலிருந்து ஓடுவது மனித இயல்பு. சொல்லாமல் விடுவதால் பயம் குறைவதில்லை. அது மருந்துக்கடைக்கு இடம் மாறுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈரப்பசைக் கிரீம் நம் நாட்டில் அழகுப்பொருளாகக் கருதப்படுகிறது. மருந்தை இலவசமாகத் தரும் இடத்திலும் இதைப் பெரும்பாலும் வெளியேதான் வாங்க வேண்டும். உதவித்தொகையில் வாழும் மாணவர் அந்தச் செலவை முதலில் வெட்டுவார். உலர்த்தும் மருந்தைத் தரும் மருத்துவம், உலர்வைத் தடுப்பதையும் அதே சிகிச்சையின் பாகமாக எண்ணித் தர வேண்டும். நன்றாக உலர்வைக் கையாளும் நோயாளியே மருந்தை விடாமல் பூசுவார். விடாமல் பூசுபவருக்கே பரு அடங்கும்.

அந்த மாணவியின் கதையை முடித்துவிடுகிறேன். அவளை வேறொரு தோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் மூவகைக் கிரீமைப் படிப்படியாக நிறுத்தினார். நிறுத்திய வாரங்களில் முகம் சிவந்து கொதித்தது. அவள் வகுப்புக்கு முகத்தை மறைத்துக்கொண்டு போனாள். இரண்டு கருத்தரங்குகளில் பேச மறுத்துவிட்டாள். மூன்று மாதம் கழித்து, முதலில் எழுதித் தந்த அதே ஜெல்லையே அவர் மீண்டும் தொடங்கினார், வாரத்துக்கு இரண்டு இரவு என்று. இம்முறை எப்படிப் பூச வேண்டும் என்பதையும் சொன்னார். உலர்வு வந்தது. அவள் பயப்படவில்லை. இப்போது முகம் பரவாயில்லை. கன்னங்களில் கருமை மட்டும் இன்னும் முழுதாக மறையவில்லை.

அந்தக் கிரீமை வாங்கிய அறைத்தோழிகளுள் ஒருத்தி இன்றும் அதைத்தான் பூசிக்கொண்டிருக்கிறாள். நிறுத்தினால் முகம் எரிகிறதாம். இதைப் படிக்கும் ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள், மூத்த ஆய்வு மாணவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மாணவர்களின் மேசைமேல் அப்படி ஒரு குழாய் இருந்தால், அதன் பின்புறத்தைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். மூன்றாவது பெயர் '-சோன்' என்று முடிந்தால், திட்டாதீர்கள். திடீரென்று நிறுத்தவும் சொல்லாதீர்கள். ஒரு தோல் மருத்துவரிடம் உடன் போங்கள்.